வாங்குகிறவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக (எழுதியவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன):

கொழும்பு 6, வெள்ளவத்தையில் வசிக்கும், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவர் எழுதியிருக்கிறார். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்த தந்தையின் பெயரில் பிள்ளைகள் மூவரும் 2012இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வட கொழும்பின் மட்டக்குளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அதாவது ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழும் நகரக் குடியிருப்பு ஒன்றில், அது வேலை செய்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 35 இலட்சம் ரூபாய் செலவு. பெரும்பகுதியை ரொறன்ரோவில் இருக்கும் தம்பியும் லண்டனில் இருக்கும் அண்ணாவும் அனுப்புகிறார்கள். 30 மாணவர்களுக்கு மாதாந்த உதவிப்பணம், மாலை வகுப்பு, 2021இல் 25 பெண்களுக்குத் தையல் மெசின் என்று உதவி போயிருக்கிறது.

இந்த வருடம் தம்பி, “இம்பாக்ட் ரிப்போர்ட் வந்தால்தான் இனிக் காசு” என்று, அதாவது உதவியால் என்ன மாறியது என்று காட்டும் அறிக்கை வேண்டும் என்று, சொல்லிவிட்டார். மருமகன் 64 கேள்விகளோடு ஒரு படிவம் தயாரிக்க, அறக்கட்டளையின் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் நிரப்பினார்கள். நூற்றுக்கு 96 பேர் “மிகவும் திருப்தி” என்றார்கள். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மாலை வகுப்பு ஆசிரியை தனியே வந்து, 25 மெசினில் இன்று ஓடுவது எட்டோ ஒன்பதோதான், மற்றவை விற்கப்பட்டுவிட்டன அல்லது அடகில் இருக்கின்றன என்றார். அதே மாதம் தோட்டத்துப் பெண்கள் ஐவர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. “இனி மெசின் வேண்டாம். வேலைக்குப் போகிற தாய்மாருக்குப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்தான் தேவை. அடுத்த வருடச் செலவைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் எங்களில் மூவர் இருக்க வேண்டும்.”

சகோதரி கேட்கிறார்: “அப்பா உழைத்த காசு இது. வாங்குகிறவர்களே எப்படிக் கொடுப்பது என்று முடிவெடுத்தால் நாங்கள் எதற்கு? சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா? மெசினை விற்றவர்கள் மீது நடவடிக்கை எடுக்கலாமா? தம்பிக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது? ஏமாந்துவிட்டேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.”

சமூகத் திட்ட மதிப்பீட்டு ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஒரே தோட்டத்தோடு நின்றிருக்கிறீர்கள். அந்த நெருக்கம் இருந்தபடியால்தான் ஆசிரியை உங்களைத் தேடி வந்தார், ஐந்து பெண்கள் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்தார்கள். வருடா வருடம் உதவி வாங்குகிற ஒருவர், உதவி கொடுக்கிறவரிடம் “இது எங்களுக்குச் சரிவரவில்லை” என்று எழுதிக் கொடுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்குக் கணக்குக் காட்டுவது ஒன்று. தோட்டத்துக்காரருக்குக் கூட்டத்தில் இடம் கொடுப்பதா என்பது மற்றது. என் பார்வையில் இரண்டும் ஒன்றே. “வேண்டாம்” என்று சொன்னால் உதவி நின்றுவிடும் என்று பயப்படுகிறவர் உங்களிடம் உண்மையைச் சொல்லமாட்டார். உண்மை வராத இடத்தில் எந்தப் படிவமும் கணக்காகாது. அந்தப் பயம் போக வேண்டுமானால், முடிவெடுப்பதில் அவர்களுக்கும் கை இருக்க வேண்டும். நான் கீழே சொல்லப்போகிற எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

96 பேரின் திருப்தி

தோட்டத்து வீட்டு வாசலில் ஒருவர் படிவத்தோடு வந்து நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன நினைவு வரும்? 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுக்காக வீடு வீடாகத் தகவல் திரட்டினார்கள். பட்டியல் வந்தபோது, பெயர் இல்லாதவர்கள் இலட்சக்கணக்கில் மேன்முறையீடு செய்தார்கள். வீட்டில் என்ன சாமான் இருக்கிறது, யார் உழைக்கிறார்கள் என்று தாங்கள் சொன்ன பதில்தான் பெயரை வெட்டியது என்று பலர் இன்றைக்கும் நம்புகிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையிலிருந்து ஆட்கள் வந்து விவரம் எழுதிக்கொண்டு போனால், பின்னால் வீட்டை விட்டு மாடிக்குடியிருப்புக்குப் போகச் சொல்லும் கடிதம் வரலாம் என்பதும் வட கொழும்பு மக்கள் அனுபவத்தில் அறிந்தது. எதையும் இழக்காத பதிலைச் சொல்ல அவர்கள் பழகியிருக்கிறார்கள். “மிகவும் திருப்தி” என்பது அப்படியான ஒரு பதில்.

இதில் பொய் சொல்லும் நோக்கம் இல்லை. கேட்க வந்த தொண்டர்தான் மாதா மாதம் உதவிப்பணத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறவர். அவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் பழக்கத்தில் மரியாதைக் குறைவு. அதோடு, கேட்கப்பட்டவர்கள் இன்றும் உங்களிடம் உதவி பெறுகிறவர்கள் மாத்திரம். மாலை வகுப்பை இடையில் விட்ட பிள்ளையின் தாயிடம் யாரும் போகவில்லை. விண்ணப்பித்தும் கிடைக்காத குடும்பத்திடமும் போகவில்லை. உங்களுக்கு மிகவும் தேவையான தகவல் அந்த வீடுகளில்தான் இருக்கிறது.

மருமகன் நல்ல மனதோடு உழைத்திருக்கிறார், அவரை நோகடிக்க வேண்டாம். ஆனால் அவரோடு உட்கார்ந்து 64 கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, “இதற்கு எதிர்பாராத பதில் வந்தால் நாங்கள் எந்த முடிவையாவது மாற்றுவோமா?” என்று கேளுங்கள். மாற்றமாட்டோம் என்றால் அந்தக் கேள்வியை வெட்டிவிடலாம். பத்துப் பன்னிரண்டு கேள்விகள் மிஞ்சினால் அதிகம். பிறகு அறக்கட்டளையோடு தொடர்பில்லாத ஒருவரை, தமிழும் சிங்களமும் பேசக்கூடியவரை, பதினைந்து இருபது வீடுகளுக்கு அனுப்புங்கள். விலகியவர்களும் கிடைக்காதவர்களும் அதில் கட்டாயம் இருக்கட்டும். அவர் உங்களைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. போன வாரம் எப்படிப் போனது, காசு எங்கே இறுகியது, பிள்ளையை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் போதும். உங்கள் உதவிக்கு அந்த வாழ்க்கையில் இடமிருந்தால் பேச்சில் தானாக வரும். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்.

ரிக் டேவிஸ் என்பவர் 1990களில் பங்களாதேஷில் ஒரு முறையை உருவாக்கினார். மக்களிடமிருந்து மாற்றம் பற்றிய கதைகளைத் திரட்டி, அவற்றில் முக்கியமானது எது, ஏன் என்று குழுவாக உட்கார்ந்து விவாதித்துத் தெரிவுசெய்வது அந்த முறை. உங்களைப் போன்ற சிறிய அறக்கட்டளைக்கு அது நன்றாகப் பொருந்தும். தெரிவுசெய்கிறவர்களில் தோட்டத்தவர் பாதிப் பேராவது இருந்தால்தான் அதற்குப் பெறுமதி. வந்த முடிவை ரொறன்ரோவுக்கு அனுப்புமுன் தோட்டத்திலேயே ஒரு மாலை வாசித்துக் காட்டுங்கள். “இது பிழை” என்று யாராவது கை தூக்கினால் அந்த மாலை வீண் போகவில்லை.

விற்கப்பட்ட மெசின்கள்

சட்ட நடவடிக்கை என்ற யோசனையை விட்டுவிடுங்கள். நிபந்தனை எதுவும் எழுதாமல் அன்பளிப்பாகக் கொடுத்து, அவர்களும் ஏற்றுக்கொண்ட பொருள் அவர்களுடைய சொத்து. விற்பதும் அடகு வைப்பதும் அவர்கள் உரிமை. கொடுத்தபோது ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் சட்டத்தரணியிடம் காட்டலாம். அப்படியிருந்தாலும் பொலிஸ் வரை போகாதீர்கள். ஒரு முறைப்பாடு போதும், அந்தத் தோட்டத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு உங்களுக்கு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

மெசின்கள் எப்போது விற்கப்பட்டன என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. என் ஊகம் 2022. அந்த வருடம் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தை எட்டியது, உணவு விலை மாத்திரம் ஏறக்குறைய 95 சதவீதம் ஏறியது. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சார மெசினை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், அதை விற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதச் சாப்பாடு போட்டிருந்தால், உங்கள் அப்பாவின் பணம் வீண் போனதென்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் நினைத்த வழியில் அது உதவவில்லை என்பது மாத்திரமே உண்மை. கணக்கிலும் அதை அப்படியே எழுதலாம்.

இதே கேள்வியில் நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. சுனாமிக்குப் பிறகு களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோர் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிந்து 10,000 அல்லது 20,000 ரூபாய், பணமாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோரின் ஆய்வு அது. ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாக ஏறியது. பெண்களின் தொழிலில் சராசரியாக எதுவுமே ஏறவில்லை. அதை வாசித்து, பெண்களுக்குக் கொடுப்பதில் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. 2019இல் வேறு ஆய்வாளர்கள் இலங்கைத் தரவையும் இந்தியா, கானா தரவுகளையும் எடுத்து மறுபடி பார்த்தார்கள். வீட்டில் மனைவி மாத்திரம் தொழில் செய்யும் குடும்பங்களில் இலாபம் ஏறியிருந்தது. கணவனுக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், மனைவிக்குக் கிடைத்த மூலதனம் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. குடும்பமாக எடுத்துப் பார்த்தால், பணம் ஆணின் கைக்குப் போனாலும் பெண்ணின் கைக்குப் போனாலும் வருமானம் ஒரேயளவு கூடியிருந்தது.

நீங்கள் மெசினை எண்ணினீர்கள். முதல் ஆய்வு தொழிலை எண்ணியது. குடும்பத்தை எண்ணியபோது வேறு கதை தெரிந்தது. அந்தக் கதையிலும் ஒரு கவலை இருக்கிறது: மனைவிக்கென்று வந்தது ஏன் அவள் கையில் நிற்கவில்லை? இதை எண்ணிக்கை சொல்லாது. அந்தப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும். தங்களுக்கு எது தடை என்று அவர்கள் ஐவரும் ஏற்கனவே உங்களுக்கு எழுதிவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மெசினில் உட்கார முடியாது, கடைக்கும் ஆபீசுக்கும் துப்புரவு வேலைக்குப் போகவும் முடியாது.

தம்பிக்கு எழுதும் கணக்கு

தம்பி கேட்பது நியாயம். தூரத்திலிருந்து வருடக்கணக்காக அனுப்புகிறவருக்கு என்ன நடக்கிறது என்று அறியும் உரிமை இருக்கிறது. அவர் எதிர்பார்ப்பதில் ஒரே ஒரு திருத்தம் தேவை. “30 பிள்ளைகளில் 26 பேர் சாதாரண தரப் பரீட்சையில் சித்தி, எங்கள் உதவியால்” என்று எழுதினால் அவர் மகிழ்வார். ஆனால் நீங்கள் பாடசாலைப் புள்ளிகளைப் பார்த்துத்தான் உதவிக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்வதாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தால் அவர்களில் பலர் எப்படியும் சித்தியடைவார்கள். உதவி இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உங்கள் பங்கு. பெரிய நிறுவனங்கள், யாருக்கு உதவி என்பதைக் குலுக்கலில் தீர்மானித்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடும் பரிசோதனைகளால் அதைக் கண்டுபிடிக்க முயல்கின்றன. 2019இல் பொருளாதார நோபல் பரிசு அந்த வழியில் உழைத்த மூவருக்குப் போனது. 30 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் அதைச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை.

உங்களால் செய்யக்கூடியது இது. பணம் போதாமல் கடைசி நிமிடத்தில் விடுபட்ட பிள்ளைகளின் பெயர்கள் உங்கள் கோப்பில் இருக்கும். அவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் உங்கள் உதவி ஏதோ செய்திருக்கிறது. தெரியாவிட்டால், புள்ளி பார்த்துத் தெரிவதை விட்டு, பாடசாலையை விட்டு நிற்கக்கூடிய பிள்ளைகளைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டாவது வழியில் சித்தி வீதம் குறையும், செய்யும் நன்மை கூடும். இதைத் தம்பிக்கு முன்கூட்டியே விளக்காவிட்டால் அடுத்த வருட எண்ணிக்கையைப் பார்த்து அவர் மனம் சோர்ந்துவிடுவார்.

அறிக்கை நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன கொடுத்தோம், என்ன மாறியதென்று மக்கள் சொல்கிறார்கள், எது சரிவரவில்லை, எது எங்களுக்கு இன்னும் தெரியாது, இனி என்ன செய்யப்போகிறோம் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். மெசின் விஷயத்தை ஒளிக்காதீர்கள். அதில் ஓரிரு வரிகள் இப்படியிருக்கலாம்: “25 மெசின்களில் மூன்றில் ஒரு பங்கே இன்று தைக்கிறது. மற்றவை பெரும்பாலும் நெருக்கடிக் காலத்தில் விற்கப்பட்டன என்று அறிகிறோம். இந்தத் திட்டத்தை நாங்கள் அவர்களைக் கேட்காமல் தீர்மானித்தோம். அடுத்ததைக் கேட்டுத் தீர்மானிக்கப்போகிறோம்.” எப்போது விற்கப்பட்டன என்று விசாரித்த பிறகு நடு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். பணம் அனுப்புகிறவர்கள் நல்ல செய்தியை மாத்திரம் விரும்புவார்கள் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் தம்பியும் தோட்டத்துப் பெண்ணைப் போல, உண்மை தெரியாமல் ஓர் ஓரத்தில் இருத்தப்பட்டவர்தான்.

கூட்டத்தில் மூன்று கதிரை

“அப்பா உழைத்த காசு” என்ற உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு தரும நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது அறக்கட்டளை, உருவாகிவிட்டால், அதற்குள் போன பணம் குடும்பத்தின் பணமாக இருப்பதில்லை. அதை உருவாக்கிய பத்திரமான உறுதியில் எழுதிய நோக்கத்துக்காக, பொறுப்பாளர்களான நீங்கள் மூவரும் அதைப் பொறுப்பாக வைத்திருக்கிறீர்கள். ஆகவே சட்டம் கேட்கும் கேள்வி, அந்த நோக்கம் எப்படி நன்றாக நிறைவேறும் என்பதே.

தோட்டத்தவரைச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் பொதுவான தடை எதுவும் இல்லை. உங்கள் உறுதியை ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: புதிய பொறுப்பாளரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு, உறுதியைத் திருத்த இடமிருக்கிறதா, உபகுழு அமைக்கலாமா. பொறுப்பாளர்கள் தங்கள் கடமையை அப்படியே வேறு கைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது. பணம் நோக்கத்துக்கு மாறாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆகையால் முதல் படியாக, செலவின் ஒரு பகுதியைத் தீர்மானிக்கும் குழுவொன்றை அமைத்து, அதன் முடிவு நோக்கத்துக்குள் இருக்கிறதா, கணக்கு நேராக இருக்கிறதா என்று மாத்திரம் பொறுப்பாளர்கள் பார்ப்பது பாதுகாப்பான வழி. இணங்காவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் வருகிறபடியால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவு பற்றியும் அதே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

மக்களிடம் பணத்தை நம்பிக் கொடுக்கலாமா என்பது உங்கள் கடிதத்தின் அடியில் கிடக்கும் கேள்வி. கொழும்பு அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் காலத்தில், இந்த நகரத்தின் தோட்டங்களில் வடிகான், மலசலகூடம், கிணறு போன்ற வேலைகளைக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல், அங்குள்ளவர்களின் அபிவிருத்திச் சபைகளுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நடைமுறைப்படுத்திய அந்தச் சமுதாய ஒப்பந்த முறையைப் பிற நாடுகளும் வந்து படித்தன. நகரத்து ஏழைப் பெண்கள் சிறு குழுக்களாக வாராவாரம் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுக்கும் பெண்கள் வங்கி 1989இல் தொடங்கியது. இவ்வளவு ஏன், உங்கள் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கும், சீட்டுகள் ஓடும். ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே பந்தல், கதிரை, பெட்டிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிற கணக்கப்பிள்ளை ஒருவர் அங்கே இருப்பார். அவரைத் தேடிப் பாருங்கள்.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். 2004 சுனாமிக்குப் பிறகு சில கரைகளில் தேவைக்கு மேல் வள்ளங்கள் குவிந்தன, சில வள்ளங்கள் கடலுக்கே உதவவில்லை. பல உதவி நிறுவனங்கள் சேர்ந்து அந்த உதவியை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கூட்டு மதிப்பீடு, உதவி நிறுவனங்கள் பொருள் கொண்டுபோய்க் கொட்டுவதை விட்டு, பாதிக்கப்பட்ட மக்கள் தாங்களே வகுக்கும் முன்னுரிமைகளுக்குத் துணை நிற்க வேண்டும் என்றது.

இனி, கதிரை கொடுப்பதில் உள்ள ஆபத்துகள். அமெரிக்காவின் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்துக் காட்டினார். கருத்துக் கேட்பது நான்காம் படி. சிலருக்குச் சபையில் இடம் கொடுத்து, எண்ணிக்கையால் எப்போதும் தோற்கவைத்துச் சமாதானப்படுத்துவது ஐந்தாம் படி. ஒன்பது பேர் சபையில் மூன்று பெண்களை இருத்தி, ஆங்கிலத்தில் கூட்டக் குறிப்பு எழுதி, வெள்ளவத்தை வீட்டில் பகல் பதினொரு மணிக்குக் கூடினால் நீங்கள் நிற்பது அந்தப் படியில். அதைவிடக் கொடுக்காமலே இருப்பது நேர்மை. நான் சொல்வது இதுதான்: வருடச் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குங்கள், அதைத் தீர்மானிக்கும் குழுவில் தோட்டத்தவர் பெரும்பான்மையாக இருக்கட்டும். கூட்டம் தோட்டத்திலேயே, இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரத்தில், இரண்டு மொழியிலும் நடக்கட்டும். வருகிறவர்களின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். உங்கள் கணக்காளருக்குக் கொடுப்பதைச் செலவாக எழுதும்போது இதையும் எழுதலாம்.

அந்த ஐந்து பெண்களும் முழுத் தோட்டத்துக்கும் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், தனியே வாழும் வயோதிபர்கள், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் அந்தக் கையெழுத்துகளில் இருக்கிறார்களா? அரசியல்வாதியின் ஆள் என்று ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் முன்னால் வந்து நிற்பார். நீங்கள் கதவைத் திறந்தால் முதலில் நுழைய முயல்கிறவர் அவராக இருக்கலாம். பாதி இடங்களை வெளிப்படையான தெரிவாலும் பாதியைக் குலுக்கலாலும் நிரப்பினால் அவருக்கு வேலை கஷ்டம். குழு உறுப்பினர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். தன் வீட்டுக்கோ உறவுக்கோ உதவி வரும் விஷயத்தில் அந்த உறுப்பினர் அதைச் சொல்லி வெளியே போய்விட வேண்டும். இந்த விதி உங்கள் குடும்பத்துக்கும் ஒன்றுதான்: மருமகனின் நண்பருக்குக் கணினி வேலை கொடுக்கும்போதும் பொருந்தும்.

நீங்கள் கேட்காத ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். குழுவில் இருக்கிற பெண், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதவி இல்லை என்று முடிவெடுத்துவிட்டு, அடுத்த நாள் காலை அதே தண்ணீர்க் குழாயடியில் அந்தத் தாயைச் சந்திக்க வேண்டும். வெள்ளவத்தையில் இருக்கிற உங்களுக்கு அந்தச் சுமை இல்லை. அதனால் தனிப்பட்ட மாணவர் தெரிவை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். எந்த வேலைக்கு எவ்வளவு, எந்த விதியின்படி என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். பெயர்களுக்கு அந்த விதியைப் பிரயோகிப்பது வேறொருவரின் வேலையாக இருக்கட்டும். கணக்கை மாதா மாதம் தோட்டத்துச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுங்கள்.

அண்ணா முகநூலில் போடுவதற்குப் பிள்ளைகளின் படம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளை ஒன்றைப் பற்றிய தகவலை விசேட பாதுகாப்புத் தேவைப்படும் வகைக்குள் வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், உதவி வாங்கிய படம் வகுப்பறையில் சுற்றுவது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நீங்கள் அறிவீர்கள். தொண்டர்கள் நிரப்பிய படிவங்களையும் வட்ஸ்அப்பில் குடும்பத்தவர்களுக்கு அனுப்பாமல் பூட்டி வையுங்கள்.

உடனே செய்ய வேண்டியது அந்த ஐந்து பெண்களுக்குப் பதில் எழுதுவது. தாமதம் அவர்களுக்குக் கோபமாகத் தோன்றும். கடிதம் கிடைத்தது, நன்றி, எழுதியதால் யாருடைய உதவியும் நிற்காது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மெசின் பற்றி யாரிடமும் விளக்கம் கேட்கப்போவதில்லை என்பதையும் எழுதுங்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையம் பற்றிப் பேச அவர்கள் வசதிப்படி ஒரு நாளும் இடமும் கேளுங்கள், கையெழுத்து வைக்காத குடும்பங்களையும் கூட்டிவரச் சொல்லுங்கள். இடம், பதிவு, பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி அறிய, பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை அந்தக் கூட்டத்துக்கு முன்பே சந்தித்துவிடுங்கள். அங்கே போகும்போது அவர்களில் இருவரை உங்களோடு அழைத்துக்கொண்டு போங்கள்.